எதற்காக வந்தாய்?

தியானத்திற்கு: மத்தேயு 26:47-50, அப்போஸ்தலர் 18:1-4



  

போன மாதம் வாலிபர் கூட்டம் முடிந்தபின் ஒரு தம்பி என்னிடத்தில் வந்தான். புதிதாய் ஏ.சி. மெக்கானிக் வேலை ஆரம்பித்திருக்கிறான். "பாஸ்டர், ஒரு சந்தேகம். சபையில யாரையாவது பார்த்தா என் வேலையைப் பத்திச் சொல்லலாமா? சொன்னா வியாபாரத்துக்குத்தான் சபைக்கு வரான்னு நினைப்பாங்களோன்னு பயமா இருக்கு. சொல்லலேன்னா யாருக்கும் தெரியாது. என்ன பண்ணட்டும்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. நம் நடுவில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர்கள் உண்டு, தையல் தைக்கிறவர்கள் உண்டு, பாலிசி பிடிக்கிறவர்கள் உண்டு, வீட்டு மனை விற்கிறவர்கள் உண்டு, மசாலாப் பொடி அரைத்துப் பாக்கெட் போடுகிற தாய்மார்கள் உண்டு. நாலு பேரோடு பேசும்போது நம்முடைய தொழிலைப்பற்றிப் பேசலாமா? பேசினால் எப்படிப் பேசுவது? அந்தத் தம்பிக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. "இந்த மாசம் பத்திரிகையில எழுதுறேன், படி" என்றேன். ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நான் வெட்கப்படுகிற ஒரு காரியத்தை முதலாவது சொல்லியாக வேண்டும்.

வாசலில் கேட்ட கேள்வி

ஊழியத்திற்கு வருகிறதற்கு முன்பு நான் திருநெல்வேலியில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தேன். இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் எடுத்து, அபிஷேகமும் பெற்றிருந்தேன். சாயங்காலமானால் வேதாகமத்தையும் எடுத்துக்கொண்டு வீடு சந்திக்கப் போய்விடுவேன். அதே பையில் பாலிசி பாரமும் இருக்கும். ஒரே பை! அதில்தான் பிசாசு எனக்குக் கண்ணி வைத்தான்.

1994-ம் ஆண்டு. மில்லில் வேலை பார்த்த ஒரு அண்ணாச்சி எங்கள் தெருவில் இருந்தார். கர்த்தரை அறியாத குடும்பம். அவருடைய பையனுக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போய் அந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபித்தேன். மூன்று நாள் விடாமல் போனேன். டாக்டர்களும் நன்றாய்ப் பார்த்தார்கள், கர்த்தரும் இரங்கினார். காய்ச்சல் விட்டது, பிள்ளை வீட்டுக்கு வந்தான். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தம்பி, சொந்தக்காரன் ஒருத்தன் எட்டிப் பாக்கல. நீங்க வந்தீங்க. உங்க ஆண்டவர் வந்தார்" என்றார். அடுத்த ஞாயிறு குடும்பமாய் ஆராதனைக்கு வந்தார்கள். எங்கள் சபையில் பெரிய சந்தோஷம்.

அதற்கு அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஸ்தோத்திர ஜெபம் செய்தேன். காப்பி கொடுத்தார்கள். காப்பி குடித்துக்கொண்டே, "அண்ணாச்சி, பிள்ளை விஷயத்துல கர்த்தர் ஒரு எச்சரிப்பு கொடுத்திருக்கார். நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா இவங்க கதி என்ன?" என்று ஆரம்பித்தேன். பையிலிருந்து பாரத்தை எடுத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் 310 ரூபாய்.

அந்தப் பாலிசி கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களின் விதிப்படி மூன்று வருஷமாவது கட்டினால்தான் இடையில் நிறுத்தினாலும் ஏதாவது திரும்பக் கிடைக்கும். அதை நான் அவரிடத்தில் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏஜென்டுக்கு முதல் வருஷத்துப் பிரீமியத்தில்தான் கமிஷன் அதிகம். என் கணக்கு அதோடு முடிந்தது.

இரண்டு வருஷம் கட்டினார். பிறகு மில்லில் சரியாய் வேலை இல்லை. கட்ட முடியவில்லை. பாலிசி காலாவதியாயிற்று. கட்டின பணமும் போயிற்று. மெல்ல மெல்ல அவர் சபைக்கு வருகிறதும் நின்றுபோயிற்று. நான் விசாரிக்கப் போனேன். "அண்ணாச்சி, ஏன் ஆராதனைக்கு வரல?" என்றேன். அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டே, கோபம் ஒன்றுமில்லாமல், ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"தம்பி, அன்னைக்கு நீங்க வந்தது என் பிள்ளைக்காகவா, பாலிசிக்காகவா?"

தேவ பிள்ளையே, என்னால் பதில் பேசக் கூடவில்லை. பிள்ளைக்காகத்தான் போனேன். அது உண்மை. ஆனால் நான் பாரத்தை எடுத்த அந்த நிமிஷத்தில், நான் செய்த மூன்று நாள் ஜெபமும் அவருடைய கண்ணுக்குத் தூண்டில் புழுவாய் மாறிப்போயிற்று. இனி அவருக்கு அதை எப்படி நிரூபிப்பேன்?

கெத்செமனேயில் கேட்ட கேள்வி

அன்று இரவு முழங்காலில் நின்றபோது ஆவியானவர் என்னை மத்தேயு 26-ம் அதிகாரத்துக்குக் கொண்டுபோனார். யூதாஸ் தோட்டத்துக்கு வருகிறான். அவன் கையில் பட்டயம் இல்லை. அன்பின் அடையாளத்தோடு வருகிறான், வாழ்த்துச் சொல்லுகிறான், முத்தம் கொடுக்கிறான். அவனுடைய கணக்கிலோ 30 வெள்ளிக்காசு. அப்போது ஆண்டவர் அவனைச் சிநேகிதன் என்றே அழைத்து, நீ வந்த காரியம் என்ன என்று கேட்கிறார் (50-ம் வசனம்). அந்த அண்ணாச்சி என்னை வாசலில் நிறுத்திக் கேட்டதும் இதே கேள்விதான்!

நான் யூதாஸ் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அன்பின் அடையாளத்தை லாபத்துக்கு வாசற்கதவாக்குகிற எவனும் அந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறான்?

எலிசாவின் வேலைக்காரன் கேயாசியையும் பாருங்கள் (2 இராஜாக்கள் 5-ம் அதிகாரம்). நாகமான் சுகமானான். எலிசா ஒன்றும் வாங்க மாட்டேன் என்று ஆணையிட்டு அனுப்பினான். தேவன் இலவசமாய்ச் சுகம் தருகிறவர் என்று அந்த அந்நிய தேசத்தான் அறிந்துகொண்டு போகட்டும் என்பதற்காக அல்லவா! கேயாசிக்குப் பொறுக்கவில்லை. நல்ல சந்தர்ப்பம் கைநழுவிப் போகிறதே என்று பின்னாலே ஓடினான். ஊழியக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்று ஒரு கதை கட்டினான். ஒரு தாலந்து கேட்டான், இரண்டு கிடைத்தது. வியாபாரம் நல்ல லாபம்தான்! ஆனால் நாகமானின் குஷ்டரோகமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

நானும் சுகம் கிடைத்த வீட்டுக்குப் பின்னாலே ஓடினவன். ஐயோ, என் கேயாசித்தனம்!

அப்படியானால் வாயை மூடிக்கொள்வதா?

இல்லை. இங்கே பிசாசு இன்னொரு பக்கமும் தள்ளிவிடுவான். இதையும் கேளுங்கள்.

ஊழியத்திற்கு வந்து சில வருஷங்களுக்குப்பின், எங்கள் சபையில் ஒரு சகோதரி தொடர்ந்து மூன்று வாரம் வரவில்லை. என் மனைவி பார்க்கப் போனாள். கணவனுக்கு வேலை போய்விட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டவில்லை. வீட்டின் மூலையில் ஒரு தையல் மிஷின், துணி போட்டு மூடியிருந்தது. அந்தச் சகோதரி அருமையாய் ஜாக்கெட் தைப்பாள் என்பது எங்கள் சபையில் ஒருவருக்கும் தெரியாது. அவளோடு வாரந்தோறும் ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபித்த தாய்மார்கள், ஜாக்கெட் தைக்கக் கடைத்தெருவுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள்!

"ஏம்மா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று என் மனைவி கேட்டாள். "சபைக்கு வந்து வியாபாரம் பேசலாமாக்கா? பாவம் இல்லையா?" என்றாள் அந்தச் சகோதரி.

யார் அவளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது? நான்தான்! என் பழைய குற்றத்துக்குப் பயந்து, பிரசங்கத்துக்குப் பிரசங்கம் வியாபாரப் பேச்சையே நான் கடிந்துகொண்டிருந்தேன். என் காயத்துக்குப் போட்ட கட்டை அவள் வாயில் கட்டிவிட்டேன். அன்றைக்குக் கர்த்தர் எனக்கு வேதத்தின் மறுபக்கத்தைத் திறந்து காட்டினார்.

நீதிமொழிகள் 31-ம் அதிகாரத்திலே புகழப்படுகிற ஸ்திரீ என்ன செய்கிறாள்? துணி நெய்து விற்கிறாள், வியாபாரிகளுக்குக் கச்சை கொடுக்கிறாள் (24-ம் வசனம்). யாரிடமும் சொல்லாமல் எப்படி விற்பாள்? நம்முடைய ஆண்டவரே நாசரேத்தில் தச்சராக இருந்தார் (மாற்கு 6:3). இந்த வேலை செய்து தருவேன் என்று ஊரில் நாலு பேருக்குத் தெரிந்திருந்ததால்தானே அவரைத் தச்சன் என்று அழைத்தார்கள்!

அப்போஸ்தலர் 18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிலவுதியு இராயன் யூதர்களை ரோமாபுரியைவிட்டுத் துரத்தினபடியால் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவுக்கு வந்திருக்கிறார்கள். பவுலும் அங்கே போகிறான். இவர்கள் எதினால் ஒரே வீட்டில் தங்கினார்கள்? மூன்றாம் வசனம் காரணத்தைச் சொல்லுகிறது. தொழில் ஒன்று. கூடாரம் பண்ணுகிற தொழில்! தொழிலைப்பற்றி வாய் திறவாமல் இருந்திருந்தால் ஒரே தொழில் என்று எப்படித் தெரிந்திருக்கும்? ஊசியும் தோலும் நூலும் கூலியும் பேசித்தான் அந்த ஐக்கியம் உண்டாயிற்று. அந்த வேலைக்கூடத்திலிருந்து என்ன வந்தது தெரியுமா? பவுல் ஒன்றரை வருஷம் கொரிந்துவில் தங்கி ஒரு சபையே உண்டாயிற்று. அதே தம்பதிகள் பிற்பாடு எபேசுவில் அப்பொல்லோவுக்கு வேதத்தை விவரமாய்ச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இப்போது வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே தொழிற்பேச்சு சுவிசேஷத்துக்கு வழியாயிற்று. என்னிடத்திலோ சுவிசேஷம் தொழிலுக்கு வழியாயிற்று. வழி ஒன்றுதான், போன திசை வேறு. இதுதான் நான் சொல்ல வருகிற செய்தி.

கலப்படம் வேண்டாம்

2 கொரிந்தியர் 2:17-ல் தேவ வசனத்தைச் சுத்தமாய்ப் பேசாதவர்களைக் குறித்துப் பவுல் எழுதுகிறான். அங்கே வருகிற கிரேக்க வார்த்தை சில்லறை வியாபாரத்தைக் குறிக்கிற வார்த்தை. திராட்சரசக் கடைக்காரன் லாபத்துக்காகத் தண்ணீரைக் கலக்கிறானே, அந்த வாடை வீசுகிற வார்த்தை. நம்முடைய தமிழ் வேதாகமத்திலும் கலப்படம் என்ற கருத்திலேயே அதை மொழிபெயர்த்திருக்கிறார்கள். ரசம் நல்லது, தண்ணீரும் நல்லது. ரசம் என்று சொல்லித் தண்ணீரை ஊற்றுகிறதுதான் மோசம். ஜெபம் நல்லது, வியாபாரமும் நல்லது. ஜெபம் என்று சொல்லி வியாபாரத்தை ஊற்றாதே!

எபேசுவிலே தெமேத்திரியு என்ற தட்டான் இருந்தான் (அப்போஸ்தலர் 19). தியானாளுக்கு வெள்ளியினால் சிறு கோவில்கள் செய்து விற்கிறவன். கூட்டத்தைக் கூட்டி என்ன பேசினான்? முதலில் வருமானத்தைப் பேசினான், அடுத்தாற்போல் தேவியின் மகிமையைப் பேசினான். வெளியே அரங்கசாலையில் சத்தம் போட்ட ஜனங்கள் தேவியின் பெயரைச் சொல்லி இரண்டு மணி நேரம் கத்தினார்கள். உள்ளே எரிந்த நெருப்போ வருமானம்! பக்தியின் வார்த்தையை எடுத்து லாபத்துக்குப் போர்த்தினால் அது எபேசு தட்டானுடைய ஆவி.

இதற்கு எதிராக லீதியாளைப் பாருங்கள். தியத்தீரா ஊராள், இரத்தாம்பரம் விற்கிறவள். விலை உயர்ந்த சரக்கு. ஓய்வுநாளில் ஆற்றங்கரையில் ஸ்திரீகள் ஜெபிக்கக் கூடுகிறார்கள். வாங்கக்கூடிய கூட்டம்தான். ஆனால் அவள் அங்கே மூட்டையை அவிழ்த்ததாக வேதத்தில் வாசிக்கிறதில்லை. கவனித்துக் கேட்டாள், கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தார், அவள் தன் வீட்டைத் திறந்தாள். அவளுடைய தொழில் என்ன என்பது மறைவாகவும் இல்லை. லூக்கா அதை எழுதியே வைத்திருக்கிறான். எல்லோருக்கும் தெரிந்த தொழில்தான், ஆனாலும் ஜெபஸ்தலத்தில் அதைக் கடை விரிக்கவில்லை. எவ்வளவு அழகான சாட்சி!

அமெரிக்காவில் நடந்த ஒரு காரியத்தையும் சொல்லுகிறேன். 1855-ம் ஆண்டு பாஸ்டன் நகரத்தில் ஒரு செருப்புக் கடை. அதில் விற்பனையாளனாய் ஒரு வாலிபன். எட்வர்ட் கிம்பல் என்ற ஞாயிறு பள்ளி ஆசிரியர் அவனைத் தேடிக் கடைக்குப் போனார். வேலை நேரத்தில் தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்கி, கடையைத் தாண்டிக்கூடப் போய்விட்டார். பிறகு திரும்பி வந்து உள்ளே நுழைந்தார். அவர் செருப்பு வாங்க வரவில்லை, எதையும் விற்கவும் வரவில்லை. அந்தப் பையனுடைய ஆத்துமாவுக்காக வந்தார். அந்தக் கடையின் பின்கட்டில் அன்றைக்கு இரட்சிக்கப்பட்ட வாலிபன்தான் டி.எல். மூடி! கிம்பல் கடைக்கு ஆத்துமாவைத் தேடிப் போனார். நாமோ ஆத்துமாக்கள் கூடுகிற இடத்துக்குக் கஸ்டமரைத் தேடிப் போகிறோம்.

நடைமுறைக்கு ஐந்து காரியங்கள்

"சரி பாஸ்டர், இப்ப நான் என்னதான் பேசட்டும்?" என்று கேட்கிற அந்தத் தம்பிக்காக எழுதுகிறேன். எல்லோரும் கைக்கொள்ளுங்கள்.

1. வந்த காரியத்தை முதலாவதே சொல். தொழில் பேசப் போகிறாயா? "அண்ணே, இன்னைக்கு என் வியாபார விஷயமா பேச வந்தேன். அஞ்சு நிமிஷம் இருக்குமா?" என்று வாசலிலேயே சொல்லிவிடு. ஜெபிக்கப் போகிறாயா? பையை வீட்டில் வைத்துவிட்டுப் போ. நம்முடைய தேசத்தில் 2021-ம் ஆண்டு டிசம்பரில் நேரடி விற்பனைக்கென்று நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் வந்தன. அதில் என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா? விற்கிறவன் பேச ஆரம்பிக்கும்போதே, யாரும் கேட்காமலே, தான் யார், எந்தக் கம்பெனி, எதற்காக வந்திருக்கிறான் என்பதைத் தெளிவாய்ச் சொல்ல வேண்டும். அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டியே அனுமதி வாங்காமலும் ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது. உலகத்துச் சட்டமே இவ்வளவு கேட்கிறது. பரலோகத்தின் பிள்ளைகள் அதற்குக் கீழே இறங்கலாமா? "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம், ஒரு நல்ல விஷயம் இருக்கு" என்று அரை மணி நேரம் சுற்றி வளைத்துக் கடைசியில் சங்கிலி வியாபாரத்தின் படத்தைப் போட்டுக் காட்டுகிறார்களே, அது வேண்டாம். பொருளை விற்காமல் ஆளைச் சேர்த்தால் பணம் என்கிற எந்தத் திட்டத்திலும் கால் வைக்காதே. பணச்சுழற்சித் திட்டங்களை 1978-ம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. நீ சேர்த்துவிடுகிற ஆள் உன் சபையின் விதவையாக இருப்பாள். மறந்துவிடாதே.

2. துக்க வீட்டிலும், வியாதிப் படுக்கையிலும், ஜெபக் கூட்டத்திலும் வியாபாரம் பேசாதே. அழுகிறவன் கணக்குப் பார்க்க மாட்டான். நன்றியினால் நிறைந்திருக்கிறவன் இல்லை என்று சொல்ல மாட்டான். அந்த நேரத்தில் வாங்குகிற கையெழுத்து சுயாதீனமான கையெழுத்து அல்ல. ஆலயத்தில் புறா விற்றவர்கள் வேண்டாத சரக்கையா விற்றார்கள்? பலிக்கு வேண்டியதைத்தான் விற்றார்கள். ஆனாலும் ஆண்டவர் சவுக்கை எடுத்தார் (யோவான் 2-ம் அதிகாரம்). ஜெபக்குழு என்று வாட்ஸ்அப்பில் ஆரம்பித்தால் அதில் ஜெபக் குறிப்பு இருக்கட்டும். காலையில் ஒருவர் "அம்மா ஐ.சி.யு.வில், ஜெபியுங்கள்" என்று போடுகிறார். அதற்குக் கீழேயே இன்னொருவர் பண்டிகைத் தள்ளுபடி போடுகிறார். அந்த மகனுடைய மனம் எப்படி இருக்கும்? ஆமோஸ் 8:5-ஐ வாசியுங்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தவர்களைக் கர்த்தர் கண்டிக்கிறார். அவர்களாவது முடியும்வரை காத்திருந்தார்கள்!

3. குறையையும் சொல். நான் மறைத்த அந்த மூன்று வருஷ விதிதான் ஒரு ஆத்துமாவுக்கு இடறலாயிற்று. "இந்த மிஷின் நல்லா ஓடும், ஆனா சத்தம் கொஞ்சம் வரும்." "இந்த மனை நல்ல இடம், ஆனா மழைக் காலத்துல தண்ணி நிக்கும்." இப்படிச் சொன்னால் வியாபாரம் போய்விடுமே என்கிறாயா? போகட்டும். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 11:1-ல் வாசிக்கிறோம். நாவும் ஒரு தராசுதான். நிறைவை மாத்திரம் தூக்கிக் குறையை அமுக்குகிற நாவு கள்ளத்தராசு. நீ உன்னைப் புகழாதே, மற்றவன் புகழட்டும் என்பதும் நீதிமொழிகள் சொல்லுகிற ஆலோசனை (27:2). அந்தத் தையல் சகோதரிக்கு நாங்கள் ஒரு விளம்பரமும் செய்யவில்லை. என் மனைவி ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள், அதைப் போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வந்தாள். "யாருக்கா தைச்சது?" என்று நாலு பேர் கேட்டார்கள். அவ்வளவுதான். இன்றைக்கு மூன்று மிஷின் வைத்து இரண்டு பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

4. கர்த்தருடைய நாமத்தை விலைச்சீட்டாக ஒட்டாதே. இதைப் பயத்தோடு எழுதுகிறேன். "ஆண்டவர் உங்ககிட்ட சொல்லச் சொன்னார், இந்த மனை உங்களுக்குத்தான்" என்று பேசுகிறவர்கள் நம் நடுவில் எழும்பியிருக்கிறார்கள். யாத்திராகமம் 20:7-ல் உள்ள கட்டளை கெட்ட வார்த்தை பேசுகிறவனுக்கு மாத்திரம் என்று நினைக்கிறாயா? மனை போட்ட ஒரு சகோதரன் என்னிடத்தில் வந்தார். "பாஸ்டர், ஆராதனை முடிஞ்சதும் ரெண்டே நிமிஷம் மேடையில பேசிக்கிறேன். சபைக்கு மைக் செட் நான் வாங்கித் தர்றேன்" என்றார். நம்முடைய பழைய மைக் கரகரவென்று இரைந்துகொண்டிருந்த காலம். மனம் ஒரு நிமிஷம் அசைந்ததை ஒத்துக்கொள்ளுகிறேன். பிறகு, "பிரதர், மைக் வாங்கித் தருவதானால் தாங்க, சந்தோஷம். மேடை விற்பனைக்கு இல்ல. கேட்டுக்கு வெளியே நின்னு, 'நான் மனை விக்கிறேன், வேணும்னா வந்து பாருங்க'ன்னு உள்ளபடி சொல்லுங்க, நான் தடுக்க மாட்டேன்" என்றேன். மைக் வரவில்லை. அவர் இன்னும் சபைக்கு வருகிறார். அது போதும். பழைய மைக்கிலேயே கர்த்தர் பேசினார்.

5. இல்லை என்கிறவனையும் அதேபோல் நேசி. இதுதான் பரீட்சை. உன்னிடத்தில் வாங்காத சகோதரனைப் பார்த்து அடுத்த ஞாயிறு உன் முகம் எப்படி இருக்கிறது? அதே சிரிப்பு உண்டா? அதே கைகுலுக்கல் உண்டா? இல்லையென்றால் நீ அவனுக்குக் காட்டின அன்பு அட்வான்ஸ் தொகைதான்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நம்ம சபை ஆள்தானே" என்று பாதி விலைக்குக் கேட்கிறதும், வேலை வாங்கிக்கொண்டு மூன்று மாதம் இழுத்தடிக்கிறதும் பாவம். கூலிக்காரருக்குக் கொடாமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்பதை யாக்கோபு 5:4-ல் வாசியுங்கள். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கையைத் தட்டி ஆராதிக்கிற சகோதரியே, தையல் கூலி கொடுத்துவிட்டாயா?

முடிவாக

அந்த அண்ணாச்சியின் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கர்த்தர் என்னை விடவில்லை. எட்டுத் தவணை, 2,480 ரூபாய். அன்றைக்கு எனக்கு அது பெரிய தொகை. சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன். "அண்ணாச்சி, நான் தப்பு பண்ணிட்டேன். மூணு வருஷ விஷயத்தை மறைச்சேன். ஜெபிக்க வந்த வீட்டுல பாரத்தை எடுத்தேன். என்னை மன்னிச்சிருங்க" என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பணத்தை வாங்கிப் பையனிடத்தில் கொடுத்தார். "பணம் கிடக்கட்டும் தம்பி. அன்னைக்கு ஆஸ்பத்திரியில எனக்குன்னு ஒருத்தர் இருக்கார்னு நினைச்சேன் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல" என்றார்.

அவருடைய மனைவியும் அந்தப் பையனும் பிற்பாடு சபைக்கு வந்துவிட்டார்கள். பையன் இன்று கிட்டார் வாசித்துக் கர்த்தரை ஆராதிக்கிறான். அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் தன் மனைவியை மொபெட்டில் கொண்டுவந்து சபை வாசலில் இறக்கிவிடுகிறார். எனக்குத் தலையசைப்பார். திரும்பிப் போய்விடுவார். ஆராதனை முடிகிற நேரத்துக்கு மறுபடியும் வந்து வாசலில் நிற்பார். உள்ளே வரமாட்டார்.

நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த வாசற்படியைத் தாண்டுகிற நம்பிக்கையைத் திருப்பிக் கொடுக்க என்னால் ஆகவில்லை. கர்த்தராலே ஆகும். இந்தப் பக்கத்தை வாசிக்கிற நீங்கள் அவருக்காக ஒரு நிமிஷம் ஜெபியுங்கள். பெயர் தெரியாவிட்டால் என்ன? கர்த்தருக்குத் தெரியும்.

அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். தைரியமாய்ச் சொல், தம்பி. "நான் ஏ.சி. ரிப்பேர் பார்க்கிறேன்" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல். வேலையைச் சுத்தமாய்ச் செய். கர்த்தர் உன் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பார். ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழையும் முன்பு வாசலில் ஒரு நிமிஷம் நில். ஆண்டவர் உன்னைச் சிநேகிதனே என்று அழைத்து, எதற்காக வந்தாய் என்று கேட்கிறதைக் கேள். அவருக்குச் சொல்லுகிற பதிலையே அந்த வீட்டுக்காரருக்கும் சொல்ல முடியுமானால், உள்ளே போ. முடியாதென்றால் திரும்பிப் போ.

என்னோடு சேர்ந்து ஜெபிப்பீர்களா?

அன்புள்ள பரலோகப் பிதாவே, எங்கள் கைகளுக்குத் தொழில் கொடுத்தவரே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் நாவின் தராசைச் சரிசெய்யும். உம்முடைய அன்பை நாங்கள் தூண்டிலாக்கின நேரங்களை மன்னியும். வேலையில்லாமல் மூலையில் மூடி வைக்கப்பட்டிருக்கிற தையல் மிஷின்களைத் திறந்துவிடும். எங்களால் இடறி, சபை வாசலில் நிற்கிற ஒவ்வொரு ஆத்துமாவையும் நீரே கைபிடித்து உள்ளே கொண்டுவாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஜீவனுள்ள பிதாவே. ஆமென்! அல்லேலூயா!

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்